நாற்காலி மட்டும் போதுமா?

தோழர்களே, எல். இளையபெருமாளை மறந்துவிட்டோம். கொள்ளிடத் தண்ணீர் பாயும் காட்டுமன்னார்கோயில்காரர். காங்கிரசில் நின்று 1952-லேயே நாடாளுமன்றம் போனவர். அவர் தலைமையிலான குழு 1969-ல் அறிக்கை தந்தது. கீழத்தஞ்சை வெண்மணியில் 44 பேரை எரித்த நெருப்பு அணையாத நேரம். 1955 தீண்டாமைச் சட்டத்தில் தண்டனை போதாது என்று சொந்தக் கட்சியின் அரசிடமே சொன்னார். 1976-ல் சட்டம் திருத்தப்பட்டது. கோயிலில் பரம்பரை அர்ச்சகர் முறை ஒழியணும் என்றதும் அந்த அறிக்கைதான். பின்னாளில் பெரிய கட்சியை விட்டு வெளியேறி, மனித உரிமைக் கட்சி என்ற சிறு கட்சி கண்டார்.

அவர் மாவட்டத்திலேயே, தெற்குத்திட்டையில், 2020-ல் தலித் பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள்.

நாற்காலியைப் பிடுங்கியவர்களை எதிர்ப்போம். நாற்காலி கிடைத்ததும் வாய்மூடும் நம்மாளுங்களை என்ன செய்யப்போறோம்?