கையில நிக்காத கேமரா எதுக்குங்க?

கேமரா வாங்கப் போற நண்பன் ஒருத்தன் ரெண்டு மாடலோட எடையை பேப்பர்ல எழுதிக்கிட்டு வந்தான். "இது 200 கிராம் கம்மி மச்சி, இதான் பெஸ்ட்"ங்கறான். கிராம் கணக்கு பாக்க நீ என்ன தங்கமாடா வாங்கப் போற?

எடை குறைஞ்சா கை வலிக்காதுங்கறது சுத்தப் புருடா. 2013ல சோனி ஏ7 வந்தப்போ பேட்டரியோட சேர்த்தே 474 கிராம்தான். ஃபுல் ஃப்ரேமை இத்துனூண்டு உடம்புல அடக்கிட்டாங்களேன்னு ஊரே வாயைப் பிளந்துச்சு. ஆனா சென்சார் சின்னதாகலையே சாமி, லென்ஸ் மட்டும் எப்படிச் சின்னதாகும்? 2016ல அவங்களே விட்ட 24-70 எஃப்2.8 ஜிஎம் லென்ஸ் தனியா 886 கிராம். பாரம் முன்னாடி இழுக்குது, பிடிக்க இருக்கறதோ சின்ன மேடு. மொத்தத்தையும் விரல் நுனியில கவ்விக்கிட்டு நிக்கணும். அழறது மணிக்கட்டுதான்.

ரெண்டாவது ஏ7 (2014) வந்தப்போ பிடியைப் பெருசாக்கி, ஷட்டர் பட்டனையும் மேலேர்ந்து பிடியோட முனைக்குக் கொண்டு வந்தாங்க. எடை நூறு கிராமுக்கு மேல கூடுச்சு. கூடட்டுமே!

"நிக்கான் எஃப்எம்2ல பிடியே கிடையாது, அதுல யாரும் போட்டோ எடுக்கலையா?"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். எடுத்தாங்க. அதுல மாட்டின 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ் கால் கிலோகூடத் தேறாதுங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்கப்பு.

அடுத்தது பட்டன். 2018ல கேனான் ஈஓஎஸ் ஆர் முதுகுல ஒரு தொடுபட்டை வெச்சாங்க. தடவினா ஒண்ணு, தட்டினா ஒண்ணு. கண்ணு வ்யூஃபைண்டர்ல இருக்கறப்போ விரல் எதைத் தடவித் தெரிஞ்சுக்கும்? 2020ல வந்த ஆர்5, ஆர்6 ரெண்டுலயும் அதைக் காணோம்.

பெரியம்மா பொண்ணு கல்யாணத்துல இரவல் கேமராவோட நின்னேன் (கம்பெனி பேர் வேணாம்). நேரம் பாத்து வீடியோக்காரர் லைட் அணைஞ்சு போச்சு. ஐஎஸ்ஓ ஏத்தணும். அதுக்குத் தனி பட்டன் கிடையாது, மெனுவுக்குள்ள மூணு படி இறங்கணும். இறங்கித் தேடி நிமிர்றதுக்குள்ள நாத்தனார் மூணாவது முடிச்சையும் போட்டாச்சு. தாலி கட்டற போட்டோ எங்கடான்னு அக்கா இன்னும் கேக்குறா. சென்சார்ல எத்தனை மெகாபிக்சல்னு அவகிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?

நண்பனைக் கடைக்கு இழுத்துட்டுப் போய், அவன் வாங்கப் போற பெரிய லென்ஸையே மாட்டச் சொல்லி, பத்து நிமிஷம் கண்ணுகிட்ட பிடிச்சுட்டு நில்லுடான்னேன். ஆறாவது நிமிஷம் கையை உதறினான். பேப்பரை மட்டும் இன்னும் தூக்கிப் போடல.