முதிர்ந்த வீரருக்குக் களத்தில் இடமுண்டா?

கபடிப் பருவம் தொடங்கிவிட்டால், சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு சிறு பிணக்கு எழுவது இயல்பு. பெரியவர்கள் தமிழ் தலைவாஸ் அணியின் பக்கம் நிற்பர். தெலுங்குப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளோ தெலுகு டைட்டன்ஸ் அணிக்குக் கைதட்டுவர். நாம் சடுகுடு என்பதைச் செடுகுடு என்று வழங்கும் மண்ணில் வாழ்கின்றோம். ஆதலின் இப்பிணக்கும் இனியதே. ஆனால் எந்த அணியின் பக்கம் நின்றாலும் எல்லாருக்கும் பொதுவான கேள்வி ஒன்றுண்டு. வேறோர் அணி 'போதும்' என்று விடுவித்துவிட்ட மூத்த தடுப்பாட்டக்காரரை நம் அணி எடுத்துக்கொள்ளலாமா? இத்திங்கள் அதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் தடுப்பாட்டக்காரரின் தொழில் யாதெனக் காண்போம். பாடிச் செல்பவருக்கு முப்பது நொடி உண்டு. அவர் தொட்டுத் திரும்பினால் அரங்கம் அதிரும். புள்ளியும் அவர் பெயரில் ஏறும். அவரை மடக்கிப் பிடித்தவர்க்கும் புள்ளி உண்டு. ஆனால் கோட்டோரம் காலூன்றி நின்று, பாய்வது போலக் காட்டிப் பாயாது, பாட வந்தவரை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பியவர்க்கு என்ன புள்ளி? ஒன்றுமில்லை. அவர் செய்தது எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. எனினும் அதன் பயன் சிறிதன்று. தொடர்ந்து இருமுறை வெறுமனே திரும்பிய அணி, மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீரவேண்டும். இன்றேல் பாடச் சென்றவர் வெளியேற வேண்டும். எதிரியை அந்த இக்கட்டில் கொண்டுபோய் நிறுத்துவது பொறுமையே. இளைஞர் அவசரப்பட்டுப் பாய்ந்து புள்ளியை இழக்கும் இடத்தில், பழகியவர் அரை நொடி காத்திருப்பார். அந்த அரை நொடியைக் கற்க ஆண்டுகள் பல வேண்டும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டுத் தடுப்பாட்டக்காரர் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைக் கடந்த நிலையில், 2016ஆம் ஆண்டு பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கினார். ஹைதராபாத்தில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் அவ்வணி ஜெய்ப்பூரை வென்று கோப்பையைக் கைப்பற்றியது. பாடச் சென்று புள்ளிகளைக் குவித்தவர் பத்தொன்பது வயதுப் பர்தீப் நர்வால். அணியை நடத்தியவர் அவரினும் இருமடங்கு வயது மூத்தவர். அதே ஆண்டு அக்டோபரில் ஆமதாபாத்தில் ஈரானை வீழ்த்தி உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் சேரலாதன் இடம்பெற்றிருந்தார். பின்னர் புனே, மும்பை, ஹரியாணா, ஜெய்ப்பூர் என ஓர் அணி விட மற்றோர் அணி அவரை எடுத்துக்கொண்டது. தாய்மொழி வேறான வீரர்களும் அவரை 'அண்ணா' என்றே அழைத்தனர். பிறமொழி பேசுவோர் நடுவே உழைத்து மதிப்பைப் பெறுவது எத்தகையது என்பதை இவ்வூரில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

தமிழ் தலைவாஸ் அணி 2017இல்தான் தோன்றியது. ஆடுகின்ற சேரலாதன் அவ்வணிக்கு வாய்க்கவில்லை. 2024இல் ஆட்ட உத்திகளை வகுக்கும் பயிற்றுநராகவே அங்கு வந்து சேர்ந்தார். களத்தில் கிடைக்காத அறிவு கோட்டுக்கு வெளியே நின்றேனும் கிடைத்தது.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். மூத்தவர் எல்லாரும் சேரலாதன் ஆகிவிட மாட்டார். கிரிக்கெட்டில் சென்னை அணி தந்த இரு பாடங்கள் உள. கல்கத்தா அணி விடுவித்த அஜிங்க்ய ரஹானேவை, 2022 டிசம்பர் ஏலத்தில் ஐம்பது இலட்ச ரூபாய்க்கே சென்னை எடுத்தது. அவர் 2023இல் 326 ஓட்டங்களை விரைந்து குவித்தார். அணி கோப்பையை வென்றது. அதே சென்னை, ராஜஸ்தான் அணி தக்கவைத்துக்கொள்ளாத ரவிச்சந்திரன் அஸ்வினை 2024 நவம்பரில் 9.75 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. 'நம் பிள்ளை வீடு திரும்பினான்' என்று தமிழர் அகமகிழ்ந்தனர். ஆனால் 2025இல் ஒன்பது ஆட்டங்களில் ஏழு விக்கெட்டுகளே அவருக்குக் கிட்டின. அணி வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் அப்போட்டியிலிருந்து விடைபெற்றார். தோல்விக்கு அவர் ஒருவரே காரணர் என்பது அநியாயம். அவரது பெருமையும் இதனால் குன்றாது. ஆயினும் பாசத்துக்குக் கொடுக்கும் விலை வேறு, ஆட்டத்துக்குக் கொடுக்கும் விலை வேறு என்பது தெளிவாயிற்று.

எனவே என் கருத்து இதுதான். விடுவிக்கப்பட்ட மூத்தவரை எடுக்கலாம். ஆனால் மூன்றைப் பார்த்து எடுக்கவேண்டும். அவர் பெயரைப் பாராது, இன்று அவர் கால் ஊன்றும் வலிமையைப் பயிற்சிக் களத்தில் பார்க்கவேண்டும். பழைய புகழுக்கன்றி, வரும் ஓராண்டின் உழைப்புக்கே ஊதியம் பேசவேண்டும். மூன்றாவதே முதன்மையானது: அவரருகில் ஓர் இளைஞரை நிறுத்தவேண்டும். இளைஞரின் இடத்தைப் பறிக்கும் மூத்தவர் அணிக்குச் சுமை. இளைஞரைத் தம் இடத்துக்கு உருவாக்கித் தரும் மூத்தவர் அணிக்குச் செல்வம்.

இது கோடிகள் புரளும் அணிகளுக்கு மட்டும் உரியதன்று. சங்கராந்தியை ஒட்டி நம் சுற்றுவட்டாரத்தில் நடக்கும் போட்டிகளுக்கு அணி சேர்க்கும்போது, முப்பத்தைந்தைக் கடந்தவரை 'ஓய்வெடுங்கள் அண்ணா' என்று மரியாதையாகவே ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கப்பட்டவர் மறு ஆண்டு வேடிக்கை பார்க்கவும் வருவதில்லை. அவரோடு அந்த அரை நொடிப் பொறுமையும் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. முழு ஆட்டமும் அவர் ஆட வேண்டியதில்லை. இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் மூலையில் நின்றாலும் போதும். அவர் எப்போது பாய்கிறார் என்பதை மட்டுமன்று, எப்போது பாயாமல் நிற்கிறார் என்பதையும் நம் பிள்ளைகள் அருகிலிருந்து பார்க்கட்டும்.