வழிப்போக்கர்க்குப் பள்ளி

ஆற்றுப்படை நூல்களை வகுப்பிற் பயிலும் மாணவருட் பலர், அவை அரசர் புகழ் பாடுவன என்று குறித்துக்கொண்டு அமைந்துவிடுகின்றனர். தேர்வுக்கு அவ்வளவே போதும். ஆயின் மலைபடுகடாத்தைப் பொருளில்லாதவன் கண்கொண்டு ஒருமுறை படிப்பார்க்கு வேறொன்று புலப்படும். கூத்தர் கூட்டமொன்று இரவில் எங்கே தங்கலாம், எம்மனையில் எவ்வுணவு கிடைக்கும், எவ்விடம் வழுக்கும் என்பனவற்றைப் பெருங்கௌசிகனார் 583 அடிகொண்ட அப்பாட்டில் அடுக்கிச் சொல்கின்றார். மலைச்சீறூரை அடைந்தால், முன்னறிமுகம் இல்லையாயினும் சொந்த வீட்டிற் புகுவார்போலத் தயங்காது புகலாம் என்கின்றார். நன்னன் புகழ் ஒருபுறம் இருக்க, வறியவன் இராத் தங்குமிடத்தையும் பாடுதற்குரிய பொருளாக மதித்த நூல் அது.

இந்நினைவோடுதான் சென்ற ஆண்டு ஆடி பதினெட்டையொட்டி யாம் ஐவர் கொல்லிமலை ஏறினோம். ஐவரும் தமிழ் பயில்வோர். வல்வில் ஓரி ஆண்ட மலையைக் காணாது புறநானூற்றுக்கு உரை எழுதுவது எங்ஙனம் என்பது எம்முள் ஒருவர் எழுப்பிய வினா. அவ்வினாவே எம்மை இழுத்துச் சென்றது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகள். ஏறும்போது இருவர்க்குத் தலை சுற்றியது. அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. செம்மேட்டில் ஓரியின் சிலையைக் கண்டோம். அரசு எடுக்கும் விழா நாளாகலின் ஊரெங்கும் மக்கள் வெள்ளம். ஆகாயகங்கையில் நீராடிவிட்டு அறப்பளீசுவரர் கோயில் வரை சென்று மீளுவதற்குள் பொழுது சாய்ந்தது. குளிரும் இறங்கியது.

அதன் பின்னரே எம் அறிவின்மை எமக்கு விளங்கிற்று. ஐவர்க்கும் சேர்த்து எம் கையிலிருந்தது 2,500 ரூபாய். உணவும் திரும்பும் பஸ் கட்டணமும் அதற்குள் அடங்க வேண்டும். முதலில் கேட்ட விடுதியில் ஓரறைக்கு ஓரிரவுக்கு 3,000 ரூபாய் என்றனர். அடுத்ததில் வாடகை குறைவு. ஆனால் குடும்பத்தோடு வருவார்க்கன்றி மாணவர்க்கு அறை கொடுப்பதில்லையாம். இளைஞர் ஐவர் ஒருங்கு வந்தால் அவர் குடிக்கத்தான் வந்திருப்பர் என்று கருதுகின்றார்கள் போலும். அவ்வாறு கருதுதற்குக் காரணமாயினாரும் எம் வயதினரே ஆகலின், யாம் அவர்களை நோவதற்கில்லை. மூன்றாம் இடத்தில் அறையே இல்லை.

தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எம் நிலையைக் கேட்டறிந்து, திருப்புலி நாட்டில் தம் உறவினர் ஊருக்குச் செல்லும் ஜீப்பில் எம்மை ஏற்றிவிட்டார். கொல்லிமலையின் ஊர்கள் நாடு நாடாகப் பகுக்கப்பெற்றவை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்பனபோலத் திருப்புலி நாடும் ஒன்று. அங்கே ஒரு மூதாட்டி எம்மை ஒன்றும் வினவாமல் திண்ணையில் பாய் விரித்தார். சாமைச் சோறும் மிளகு மணக்கும் ஒரு சாறும் தந்தார். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லும் செய்தி எம்முள் அனைவர்க்கும் ஒருங்கே நினைவுக்கு வந்தது. காட்டிடையே கண்ட வேட்டுவன் ஒருவன், பாணர் தாம் வேண்டியதைச் சொல்வதற்கும் இடங்கொடாமல் ஊனும் பொன்னும் மணியும் ஈந்தான். அவனே ஓரி என்பது குறிப்பு. ஓரியின் மலையில் ஓரியின் பண்பு இன்றும் உளது என்று யாம் பெருமிதத்தோடு பேசிக்கொண்டே உறங்கினோம்.

விடியலில் அப்பெருமிதம் நீங்கியது. நீர் கேட்பதற்காக வீட்டினுள் எட்டிப் பார்த்தபோது, மூதாட்டியின் மகன் அடுப்படியில் இரண்டு மூட்டைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். நாள்தோறும் திண்ணையிற் படுப்பவர் அவர். பேத்தி, பத்தாம் வகுப்புப் படிப்பவள், அந்தக் குளிரில் தன் போர்வையை எமக்குக் கொடுத்துவிட்டுப் பாட்டியின் சேலைத் தலைப்பை மூடிக்கொண்டிருந்தாள். புறப்படும்போது யாம் நீட்டிய 500 ரூபாயை மூதாட்டி வாங்கவில்லை. “படுத்ததுக்கெல்லாம் காசா கண்ணு? பத்திரமா எறங்குங்க” என்றார்.

செலவில்லாத படுக்கை என்று எண்ணினோம். அதன் செலவை வேறொருவர் தம் உறக்கத்தாற் செலுத்தியிருந்தனர். இக்கட்டுரையில் யாம் சொல்ல விரும்புவதும் இதுவே. பொருளில்லாத வழிப்போக்கனுக்கும் தான் காண விரும்பும் ஊரின் நடுவே தங்கும் உரிமை வேண்டும்; ஆனால் அவ்விடம் அவ்வூர்க் குடிகளின் வீட்டிலிருந்து எடுக்கப்படுதல் ஆகாது.

இது கொல்லிமலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. இத்தாலியில் கடல்நீரின் மேல் நிற்கும் பழம்பெரு நகரமாகிய வெனிசைப் பாருங்கள். 1951இல் அதன் பழைய நகர்ப்பகுதியில் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்குக் கீழே இறங்கியது. குறைவுக்குக் காரணங்கள் பல. வெள்ளமும் தொழிற்குறைவும் அவற்றுட் சில. ஆயினும் வீடுகள் ஒவ்வொன்றாகப் பயணியர் தங்கும் அறைகளாக மாறியமையும் பெருங்காரணம் என்பதை மறுப்பாரிலர். 2023இல் பயணியர் படுக்கைகளின் தொகை குடிகளின் தொகையையே மிஞ்சிவிட்டது என்று அந்நகரத்து ஆர்வலர் கணக்கிட்டுக் காட்டினர். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவிலோ, பயணியர்க்கு வாடகைக்கு விடப்படும் 10,101 குடியிருப்புகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் முடிவுறுத்தப் போவதாக நகரத்தலைவர் 2024 ஜூனில் அறிவித்தார். மலிவான அறை தேடிக் கைபேசியைத் தடவும் மாணவன், அவ்வறையில் முன்பு யார் குடியிருந்தார் என்று கேட்பதில்லை. யாமும் கேட்டிலேம்.

திருப்புலி நாட்டுத் திண்ணைக்கும் அந்நிலை வாராது என்பதற்கு உறுதியில்லை. எமக்கு இடந்தந்த மகனே, அடிவாரத்தில் வேலை கிடைத்தால் வீட்டை வெளியூரார்க்கு விட்டுவிடலாமா என்று எம்மிடம் கருத்துக் கேட்டார். யாம் விடையின்றி நின்றோம். மிளகும் காப்பியும் விலை இறங்கும் ஆண்டில் அவர்க்கு வாடகைப் பணம் வேண்டாம் என்று சொல்ல எமக்கு என்ன உரிமை?

நம் முன்னோர் இவ்விடரை வேறுவழியில் தீர்த்தனர். வீட்டையும் விடாமல் வழிப்போக்கனையும் விடாமல், ஊர்க்குப் பொதுவாகச் சத்திரம் கட்டினர். மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சத்திரம் புகைவண்டி நிலையத்தின் எதிரே, நகரத்தின் நடுவிலேயே உள்ளது, ஊர்க்கு அப்பாலன்று. தஞ்சைச் சரபோசி மன்னர் 1801இல் ஆங்கிலப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில், இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள தம் சத்திரங்களைப் பற்றிக் கூறுவன படிக்கத்தக்கவை. வருவார் எச்சாதியினராயினும் உணவு, நோயுற்றார்க்கு மருத்துவம், கருவுற்ற மகளிர்க்குப் பேணுதல், குழந்தைக்குப் பால் என்று அப்பட்டியல் நீள்கின்றது. புகைவண்டி வந்தபின் நடந்து செல்வார் குறைந்தனர்; சத்திரங்கள் பல, கடைகளாகவும் அலுவலகங்களாகவும் உருமாறின. அவ்வளவு பெரிய அறம் இவ்வளவு ஓசையின்றி மறைந்தது எமக்கு வியப்பே.

இன்று மலைமேல் புதிதாகச் சத்திரம் கட்டப் பொருளும் நிலமும் எங்கே என்று கேட்பீர்கள். கட்டவே வேண்டா என்பது எம் கருத்து. செருமனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்னும் பள்ளி ஆசிரியர் 1909 ஆகஸ்டில் தம் மாணாக்கரோடு கால்நடையாகச் செல்லுகையில் இடிமழையில் அகப்பட்டு, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் மேல் இரவைக் கழித்தார். விடுமுறையில் பள்ளிகள் வீணே பூட்டிக் கிடக்கின்றனவே, அவற்றையே இளைஞர் தங்குமிடமாக்கினால் என்ன என்று அவ்விரவில் அவர் எண்ணினார். அவ்வெண்ணம் வளர்ந்து 1912இல் ஆல்டெனா என்னும் ஊரின் பழங்கோட்டையில் நிலையான இளைஞர் விடுதியாயிற்று. பின்னர் உலகெங்கும் பரவியது. தமிழ் பயிலும் எமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. பள்ளி என்னும் நம் சொல்லுக்குக் கல்விக்கூடம் என்பதும் பொருள். படுக்கை என்பதும் பொருள். துறவோர் உறைவிடம் என்பதும் பொருள். அறப்பள்ளி என்று ஒரு தலத்தையே தன்பாற் கொண்ட மலை இது!

ஆகவே, விழா இரவுகளிலும் விடுமுறையிலும் கொல்லிமலையின் பள்ளிக்கட்டடங்களுட் சிலவற்றை மாணவர் தங்குவதற்குத் திறந்துவிடலாம். மலையகத்துச் சிறுவர் உண்டு உறையும் பள்ளிகளைத் தொடுதல் ஆகாது. அவர்தம் படுக்கையைப் பறித்தால் திண்ணைக் கதையே திரும்பவும் நிகழும். தலைக்கு நூறு ரூபாய் பெற்று அதனைப் பள்ளியின் செலவுக்கே விடலாம். உணவை ஊர்ப்பெண்டிர் சமைத்து விலைக்குத் தரட்டும். அம்மூதாட்டி படுத்ததற்குக் காசு வாங்க மறுப்பார், விற்கும் சோற்றுக்கு மறுக்கமாட்டார் என்றே நினைக்கின்றோம். கல்லூரியின் கடிதம் இல்லாதார்க்கு இடமில்லை, குடித்தார்க்கு இடமில்லை, கொண்டுவந்த குப்பையைக் கொண்டே இறங்க வேண்டும் என்று விதி செய்தால், மாணவர் வந்தால் பள்ளி கெடும் என்பார்க்கு விடையாகும். (எம் ஐவருள் ஒருவர் ஆகாயகங்கைப் படிகளில் நெகிழிக் குப்பியொன்றை விட்டுவந்ததை இங்கே ஒப்புக்கொள்கின்றோம். அவர் இக்கட்டுரையைப் படிப்பார்.)

இன்னுமொன்று. பேத்தி எம்மிடம் கேட்ட கேள்வியை மறைத்தல் தகாது. அவள் அண்ணன் ஒரு தேர்வெழுத எம் நகரத்துக்கு வந்தானாம். முந்தைய இரவு தங்க இடமின்றிப் பஸ் நிலையத்தின் நாற்காலியில் விழித்திருந்து, காலையில் தேர்வறையில் உறங்கிப்போனானாம். “உங்க காலேஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமாண்ணா?” என்று கேட்டாள். பக்கந்தான், நடந்தால் பத்து நிமிடம். மலையேறும் எமக்கு வேண்டுவதாக யாம் எழுதிய அத்தனையும், மலையிறங்கும் அவர்க்கு முன்னமே வேண்டியிருந்தது.

எம் விடுதியின் அறைகள் ஏப்ரல் முடிவிலிருந்து ஜூன் வரை பூட்டியே கிடக்கின்றன. தேர்வுக்கும் மருத்துவத்துக்கும் மலையிலிருந்து வரும் மாணாக்கர்க்கு அவற்றுட் பத்தையேனும் திறந்துவிடுமாறு யாம் ஐவரும் ஒப்பமிட்டு விண்ணப்பம் கொடுத்துள்ளோம். பாய்களும் போர்வைகளும் யாமே தருவதாக அதில் எழுதியிருக்கின்றோம். விடை இன்னும் வரவில்லை.