ஆறு மாசத்துல டெவலப்பர்: சரி, ரிஸ்க் யாரோடது?

"ஆறே மாசத்துல ஃபுல் ஸ்டாக் டெவலப்பர். எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் பரவாயில்ல. முதல்ல வேலை, அப்புறம் ஃபீஸ்." ஃபைனல் இயர் வந்துட்டா போதும், இன்ஸ்டாவைத் திறந்த அஞ்சாவது நிமிஷம் இந்த விளம்பரம் வந்து நிக்கும். மெக்கானிக்கல், சிவில், ஈஈஈ பசங்களுக்கு இன்னும் சீக்கிரமா வரும்.

இதைப் பார்த்து நம்ம காலேஜ்ல ரெண்டு விதமான பேச்சு ஓடுது. சிஎஸ் பசங்க சிரிக்கிறாங்க: "நாலு வருஷம் படிச்ச எங்களுக்கே வேலை இல்ல, இவங்க ஆறு மாசத்துல வந்துடுவாங்களாம்." மத்த டிபார்ட்மென்ட்ல பாதிப் பேர் இதைத் தப்பிக்கிற வாசலாப் பார்க்கிறாங்க: "எப்படியாவது அரியர் இல்லாம டிகிரியை முடிச்சுடுவோம், அப்புறம் ஒரு பூட்கேம்ப் போட்டுக்கலாம்." ரெண்டு பேச்சுமே தப்புன்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல யாரெல்லாம் பூட்கேம்ப்புக்குப் போறாங்கன்னு பார்ப்போம். எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அண்ணா ஒருத்தர். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ட்ரெய்னியா சேர்ந்தார். மூணு ஷிஃப்ட், பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம், ரெண்டு வருஷம் கழிச்சும் கையில நிக்கிற சம்பளம் இருபதாயிரத்தைத் தாண்டல. வேலையை விட்டுட்டு ஒரு பூட்கேம்ப்ல சேர்ந்தார். இதே மாதிரி வெயில்ல நின்னு காங்கிரீட் போட்ட சைட் இன்ஜினியர், பிபிஓ-ல நைட் ஷிஃப்ட் பார்த்தவர், தனியார் பள்ளியில டீச்சரா இருந்தவர், குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு நாலஞ்சு வருஷம் ஆன அக்கா இவங்கதான் அந்த வகுப்புல உட்கார்ந்திருக்காங்க. இவங்க யாரும் சோம்பேறி இல்ல, குறுக்கு வழி தேடுறவங்களும் இல்ல. மாசச் சம்பளத்தை நிறுத்திட்டு, வீட்ல நாலு பேச்சு வாங்கிக்கிட்டு, 26 வயசுல முதல்ல இருந்து ஆரம்பிக்கிறதுக்குத் தனித் துணிச்சல் வேணும். அவங்களைப் பார்த்து சிரிக்க நமக்கு எந்தத் தகுதியும் இல்ல.

ஆனா துணிச்சலுக்கு மரியாதை கொடுக்கிறது வேற, அந்தத் துணிச்சலை வெச்சு நடக்கிற வியாபாரத்தைக் கேள்வி கேட்காம விடுறது வேற.

இந்த வியாபாரத்தோட கதை சின்னதுதான். 2012-ல சான் ஃபிரான்சிஸ்கோவில 'டெவ் பூட்கேம்ப்' ஆரம்பிச்சாங்க. சில மாசம் தீவிரமா கோடிங், முடிச்சா வேலை. அந்த நேரத்துல அங்க இருந்த ஸ்டார்ட்அப்களுக்கு வெப்சைட் கட்ட ஆள் பத்தல, அதனால அது ஓடுச்சு. அதைப் பார்த்து நூத்துக்கணக்குல முளைச்சது. ஆனா முன்னோடியான அந்த டெவ் பூட்கேம்ப்பே 2017-ல மூடிட்டாங்க. 2019-ல '2யூ'ன்னு ஒரு பெரிய ஆன்லைன் கல்வி நிறுவனம், பல்கலைக்கழகங்களோட பேர்ல பூட்கேம்ப் நடத்துன 'ட்ரிலஜி'யை 75 கோடி டாலருக்கு வாங்குச்சு. 2024-ல அதே 2யூ திவால் நீதிமன்றத்துக்குப் போச்சு, அந்த வருஷக் கடைசியில பூட்கேம்ப் தொழிலையே நிறுத்தப்போறதா அறிவிச்சது. அதாவது, மார்க்கெட் பசியா இருந்தப்ப உருவான மாடல் இது. பசி அடங்கினதும் முதல்ல அடி வாங்கினதும் இதுதான்.

இதுல நாம முக்கியமா கவனிக்க வேண்டியது 'லாம்டா ஸ்கூல்' விவகாரம். பிறகு 'ப்ளூம்டெக்'னு பேர் மாத்திக்கிட்டாங்க. "முன்பணம் வேண்டாம், வேலை கிடைச்சதும் சம்பளத்துல 17 சதவீதம் கொடு, நீ ஜெயிச்சாத்தான் எங்களுக்குக் காசு"ங்கிறதுதான் அவங்க சொன்னது. கேட்க எவ்வளவு நியாயமா இருக்கு! மாணவரும் பள்ளியும் ஒரே படகுல. ஆனா 2024 ஏப்ரல்ல அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அவங்க மேல நடவடிக்கை எடுத்தப்ப வெளியே வந்தது வேற. விளம்பரத்துல வேலை கிடைச்சவங்க 71 முதல் 86 சதவீதம். உள்ள இருந்த கணக்குல 50 சதவீதத்தை ஒட்டி, சில பேட்ச்ல 30 வரைக்கும் இறங்கியிருக்கு. "இது கடனே இல்ல"ன்னு சொன்னது கடன்தான்; சராசரியா 4,000 டாலர் நிதிச் செலவு அதுக்குள்ள ஒளிஞ்சிருந்தது. இன்னொன்னுதான் எனக்கு ரொம்ப உறுத்துது. மாணவர்களோட அந்த ஒப்பந்தங்கள்ல நிறைய முதலீட்டாளர்களுக்கு வித்திருக்காங்க. நீ வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே பள்ளிக்குப் பணம் வந்துடுச்சு. ஒரே படகுன்னு சொன்னவங்க கரையேறிட்டாங்க, துடுப்பு மட்டும் மாணவர் கையில.

"அது அமெரிக்கா, நமக்கென்ன?"ன்னு கேட்கலாம். இங்க வடிவம் வேற, ஆனா கேள்வி அதேதான். இங்க பல இடத்துல "மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிக்கலாம்"னு சொல்றது உண்மையில ஒரு நிதி நிறுவனத்தோட கடன். கடன் உன் பேர்ல, பல சமயம் அப்பா பேர்ல. நிதி நிறுவனம் கோர்ஸ் நடத்துறவங்களுக்குப் பணத்தைக் கொடுத்துடும். மூணாவது மாசம் வகுப்பு சரியில்லன்னு நீ நின்னாலும் ஈஎம்ஐ நிக்காது. கட்டலைன்னா சிபில் ஸ்கோர் விழும். நாளைக்குத் தங்கச்சி கல்விக் கடனுக்கு அப்பா கையெழுத்துப் போடப் போனா அங்க வந்து இடிக்கும்.

சீனியர் அண்ணாவுக்கு நடந்தது இதுதான். ஓடிபி சொல்லச் சொன்னாங்க, சொன்னார். அது கடன் விண்ணப்பம்னு முதல் தவணை வெட்டப்பட்டப்பதான் தெரிஞ்சது. பாதியில மெண்டார் மாறினார், அப்புறம் லைவ் வகுப்பு ரெக்கார்டிங் ஆயிடுச்சு. அவர் படிப்பை முடிச்சார், வேலையும் வாங்கினார். ஆனா பூட்கேம்ப் சொன்ன ஆறு மாசத்துல இல்ல, பதினாலு மாசத்துல. நடுவுல எட்டு மாசம் ஈஎம்ஐ கட்டினது அவங்க அம்மாவோட நகைக்கடன்.

ரிசர்வ் வங்கி 2022-ல கொண்டு வந்த டிஜிட்டல் கடன் விதிகள்ல ரெண்டு விஷயம் நமக்குச் சாதகமா இருக்கு. கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடி மொத்தச் செலவையும் ஒரே தாள்ல எழுதிக் காட்டணும். அப்புறம், வேண்டாம்னு தோணினா அபராதம் இல்லாம அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி வெளியேற ஒரு அவகாசம் கொடுக்கணும். இதை எந்த கவுன்சிலரும் ஃபோன்ல சொல்லமாட்டார். நாமதான் கேட்கணும்.

அடுத்தது சதவீதம். இன்ஜினியரிங் படிக்கிறோம், ஒரு பின்னத்துல கீழ என்ன இருக்குன்னு பார்க்காம விடலாமா? நூறு பேர் சேர்றாங்கன்னு வெச்சுக்குவோம். முப்பது பேர் பாதியில நிக்கிறாங்க. மீதி எழுபதுல, எல்லா அசைன்மென்ட்டும் முடிச்சு மாக் இன்டர்வியூவும் தாண்டி "பிளேஸ்மென்ட்டுக்குத் தகுதி" வாங்கினது ஐம்பது பேர். அதுல நாற்பது பேருக்கு வேலை. விளம்பரத்துல 80 சதவீதம், நிஜத்துல 40. எந்த எண்ணும் பொய் இல்ல, கீழ இருக்கிற எண்ணை மட்டும் மாத்திட்டாங்க. அந்த நாற்பதுலயும் டெவலப்பர் எத்தனை, டெஸ்டிங் எத்தனை, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் எத்தனைன்னு தனியாக் கேட்கணும். நேர்மையாச் சொல்லணும்னா நம்ம காலேஜ் பிளேஸ்மென்ட் பேனருக்கும் இதே கணக்குதான்.

இப்ப மார்க்கெட். 2023-24 நிதியாண்டுல டிசிஎஸ்-ல ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைஞ்சது, இன்ஃபோசிஸ்ல 25,994. மொத்தமா ஆள் எடுத்த காலம் அதுன்னா, ஆறு மாசம் படிச்சவங்களுக்கும் இடம் இருந்திருக்கும். இப்ப அதே வரிசையில அனுபவம் உள்ளவங்களும் நிக்கிறாங்க. அதோட, பூட்கேம்ப்ல எல்லாரும் செய்ற டு-டூ லிஸ்ட், லாகின் பக்கம், ஒரு ஷாப்பிங் கார்ட்டை இன்னைக்கு ஏஐ டூல் சில நிமிஷத்துல எழுதித் தந்துடுது. ரியாக்ட், நோட், மாங்கோடிபி பேரை ரெஸ்யூமேல போட்டா மட்டும் போன் வராது. எழுதின கோடு ஏன் உடைஞ்சது, டேட்டாபேஸ் ஏன் மெதுவா ஓடுது, ஒரு ரிக்வெஸ்ட் பிரவுசர்ல இருந்து சர்வர் வரைக்கும் எந்த வழியாப் போகுதுன்னு சொல்லத் தெரிஞ்சவங்களைத்தான் கூப்பிடுறாங்க. இது ஆறு மாச அவசரத்துல வர்றது கஷ்டம்.

அப்போ துறை மாறவே கூடாதா? அப்படி இல்ல. மாறுறவங்க கையில நம்மகிட்ட இல்லாத ஒரு சொத்து இருக்கு, அது அவங்க விட்டுட்டு வந்த வேலை. ஷிஃப்ட் மாறுறப்ப ரிஜெக்ட் கணக்கு எப்படித் தப்பாகுதுன்னு ஷாப் ஃப்ளோர்ல நின்னவருக்குத் தெரியும். கம்பி கட்டுற கணக்கை எக்ஸெல்ல போட்டு ராத்திரி பூரா உட்கார்ந்த சைட் இன்ஜினியருக்கு எந்த இடத்துல சாஃப்ட்வேர் வேணும்னு தெரியும். ஆனா பூட்கேம்ப்கள் செய்ற முதல் வேலையே "பழசை மறந்துடு"ன்னு சொல்லி, எல்லார் கையிலயும் ஒரே ஷாப்பிங் கார்ட்டைக் கொடுக்கிறதுதான். நம்ம அண்ணாவுக்குக் கடைசியில வேலை வாங்கிக் கொடுத்தது எது தெரியுமா? அவரோட பழைய லைன்ல மெஷின் நின்ன நேரத்தைப் பதிவு பண்ண அவரே எழுதின சின்ன ஆப். இன்டர்வியூல முக்கால் மணி நேரம் அதைப் பத்தி மட்டும்தான் கேட்டிருக்காங்க.

"இதெல்லாம் இலவசமாவே இருக்கே, எதுக்குக் காசு?"ன்னு ஒரு கூட்டம் சொல்லும். உண்மைதான். ஃப்ரீகோட்கேம்ப் 2014-ல இருந்து இலவசமா இருக்கு, என்பிடெல்-ல ஐஐடி பேராசிரியர்களோட வகுப்பு இருக்கு. ஆனா தனியா உட்கார்ந்து முடிக்கிறவங்க குறைவு. மாட்டிக்கிட்டா கேட்க ஒரு ஆள், கூடவே ஓடுற நாலு பேர், திங்கட்கிழமை காட்ட வேண்டிய வேலை இதுக்கெல்லாம் மதிப்பு உண்டு. பூட்கேம்ப் நல்லா விக்கிறது அதைத்தான், பாடத்தை இல்ல. அதுக்குக் காசு கொடுக்கிறது முட்டாள்தனம் இல்ல.

ஆனா அதை நாமளே உருவாக்கிக்க முடியும். வாரம் 60 மணி நேரம் வீதம் 12 வாரம்னா 720 மணி நேரம். தினமும் ரெண்டு மணி நேரம், சனி ஞாயிறு அஞ்சஞ்சு மணி நேரம்னா வாரம் 20. அதே 720 மணி நேரத்துக்கு 36 வாரம். காலேஜ்ல இருக்கிறப்பவே, நாலு பேர் சேர்ந்து, வேலையை விடாம, கடன் வாங்காம செய்யக்கூடிய கணக்கு இது. அதனாலதான் "டிகிரி முடிச்சுட்டு பூட்கேம்ப்"னு இப்பவே திட்டம் போடுற ஜூனியர்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வருது. ஒரே வேலைக்கு அப்பா ஏன் ரெண்டு தடவை ஃபீஸ் கட்டணும்?

ரிஸ்க்கை வேற மாதிரியும் பங்கு போடலாம். 2004-ல ஆரம்பிச்ச ஸோஹோ ஸ்கூல்ஸ்ல பன்னிரண்டாவது, டிப்ளமோ முடிச்சவங்களை எடுத்து, ஃபீஸ் வாங்காம, உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தராங்க. வேலையில இடைவெளி விட்ட பெண்களுக்கு அவங்களே 'மறுபடி'ன்னு ஒரு பயிற்சியும் நடத்துறாங்க. எல்லாருக்கும் அங்க இடம் கிடைக்காது, சரி. ஆனா ஆள் தேவைப்படுற கம்பெனி பயிற்சிச் செலவை ஏத்துக்கிறதுதான் நியாயம்ங்கிறதுக்கு அது ஒரு உதாரணம்.

என் கருத்து இதுதான்: உன் ரிஸ்க்குல ஒரு பங்கையாவது ஏத்துக்காத எந்த பூட்கேம்ப்லயும் சேராதே. சேர்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளு, பதிலை மெயில்ல வாங்கு.

1. போன பேட்ச்ல சேர்ந்தவங்க எத்தனை பேர், முடிச்சவங்க எத்தனை பேர், டெவலப்பர் வேலை வாங்கினவங்க எத்தனை பேர்?
2. பணம் கட்டுறது ஃபீஸா, கடனா? கடன்னா யார் பேர்ல, மொத்தம் எவ்வளவு?
3. நடுவுல நின்னா எவ்வளவு திரும்ப வரும்?
4. வேலை கிடைக்காத ரெண்டு பேரோட நம்பர் தர முடியுமா?

நாலாவது கேள்விக்கு யாரும் பதில் தரமாட்டாங்க. அதை நாமே தேடிக்கலாம். நம்ம காலேஜ்ல இருந்து கடந்த அஞ்சு பேட்ச்ல பூட்கேம்ப் போன சீனியர்கள் டிபார்ட்மென்ட்டுக்கு நாலு பேராவது இருப்பாங்க. எவ்வளவு கட்டினாங்க, எத்தனை மாசத்துல வேலை, முதல் சம்பளம் என்ன, கடன் முடிஞ்சதா? பேர் இல்லாம ஒரு ஷீட்ல சேர்த்தா போதும். சிஎஸ் பசங்க சிரிக்கிற நேரத்துல அந்த ஃபார்மைச் செஞ்சு கொடுங்க, மெக்கானிக்கல் பசங்க சீனியர்களுக்கு ஃபோன் போடுறோம். அடுத்த இதழ்ல அந்த எண்களை அப்படியே போடுவோம், கீழ இருக்கிற எண்ணை மறைக்காம.