கடலில்லாத கடற்கதை

மேல்வகுப்பு மாணவி ஒருத்தி அண்மையில் ஓர் ஆங்கில நாவலை என்னிடந் தந்து, "ஐயா, இதனை வாசித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்" என்றாள். அலெக்சாந்திரா கிறிஸ்ரோ என்பார் எழுதி 2018ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரூ கில் எ கிங்டம்' என்பது அந்நூல். இளையோர்க்கென எழுந்த மாயக்கதை, களம் கடல். நெய்தற்றிணை கற்பிப்பவனுக்குரிய ஆர்வத்தோடு நூலைத் திறந்தேன், ஏமாற்றத்தோடு மூடினேன். அவ்வேமாற்றத்துக்குக் காரணங் கூறுதல் ஆசிரியனுக்குக் கடன்.

கதையின் தொடக்கம் நன்றாகவே அமைந்துள்ளது. லிரா கடலரசியின் மகள். பாடி மயக்கிக் கொல்லும் கடலணங்கு. 17 இளவரசரின் இதயங்களைப் பறித்துச் சேர்த்து வைத்திருப்பவள். எலியன் மைடாஸ் நாட்டு இளவரசன். அரண்மனை வாழ்வை விடுத்துக் கப்பலேறிக் கடலணங்குகளை வேட்டையாடித் திரிபவன். தாயின் சினத்துக்கு ஆளாகி மானிடப் பெண்ணாக்கப்பட்ட லிரா, எலியனின் இதயத்தைக் கொணர்ந்தாலன்றி மீட்சியில்லை. கொல்ல வந்தவளும் கொல்லப்பட வேண்டியவனும் ஒரே கப்பலில் வாழ்கின்றனர். இதனினும் சிறந்த முடிச்சு வேறு யாது வேண்டும்?

ஆனால், முடிச்சைப் போட்ட கை அதனை இறுக்கத் தவறிவிட்டது. 1837இல் அன்டர்சன் எழுதிய கடற்கன்னிக் கதையை இந்நூல் தலைகீழாக்கி எடுத்தாள்கிறது. அன்டர்சனின் கன்னி காலைப் பெறுதற்கு நாவை இழந்தாள். அவளது ஊமைத்துயரே அக்கதையின் உயிர். லிராவோ பாட்டை இழந்தும் பேச்சை இழக்கவில்லை. எனவே இருவரும் சாதுரியமாக உரையாடி உரையாடியே காதலராகின்றனர். இருவரும் மாறிமாறித் தம் கதையைச் சொல்கின்றனர்; எனினும் பேசுபவர் யாரெனப் பல இடங்களில் மயக்கமே உண்டாகின்றது.

முதல், கரு, உரி என மூன்று கூறிற்று நம் தொல்லிலக்கணம். இங்கே முதற்பொருளாகிய கடல் வெறும் திரைச்சீலை. தேடிச்செல்லும் மாயப்பளிங்கும் பாகோஸ் என்னும் நாட்டின் பனிமலையில் வைக்கப்பட்டுள்ளமையாற் கதைமாந்தர் கடலைவிட்டு மலையேறுகின்றனர். இதனையும் பொறுக்கலாம். நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல் இல்லாமையே பொறுத்தற்கரிது. பதினேழு உயிரைப் பறித்தவள் சிறிது வருந்துகிறாள். பின்னர் அவ்வருத்தம் காதலுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பிள்ளையை இழந்த தாயர் எத்துணைபேர் எத்துணைக் கரைகளில் நின்றிருப்பர்? அவர் அழுகை நூலுள் நம் செவிக்கு எட்டவில்லை.

மாயக்கதையிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமோ என்பார்க்கு, உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஒவ் ஏர்த்சீ' என்னும் நூலைக் காட்டுவேன். அதுவும் இளையோர்க்கானதே. கெட் என்னும் இளைஞன் செருக்கினால் ஒரு நிழலை உலகில் அவிழ்த்துவிடுகிறான்; அதனாற் புகுந்த கேட்டைத் தடுத்த முதுகுரு உயிர் துறக்கிறார். பின்னர்ச் சிறு படகொன்றில் உலகின் கடையெல்லைவரை அந்நிழலைத் துரத்திச் சென்று, அதற்குத் தன் பெயரையே இட்டுத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான். படகு செய்வோனிடம் அவன் தொழில் பழகியதும் அந்நூலில் உண்டு. செய்த பிழையை ஏற்க வேண்டும் என்னும் அறத்தை அவ்வாசிரியை வாயாற் போதிக்கவில்லை. கடலையே போதிக்கச் செய்தார்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவி, "ஐயா, ஒரே இரவில் வாசித்து முடித்தேனே!" என்றாள். அதுவும் உண்மையே. வாசிப்பை வளர்க்கும் நூலை நான் இகழேன், பறித்தெறியவும் மாட்டேன். "அந்தப் பதினேழு பேரில் எத்தனைபேரின் பெயர் உனக்கு நினைவிருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். சற்றுநேரம் பேசாதிருந்தாள். மறுநாள் லெ குவினின் நூலைக் கேட்டு வாங்கிச் சென்றாள்.