பேய் என்ன சாதி?

புளியமரத்தில் பேய் இல்லை, கரியமில வாயுதான் இருக்கிறது என்று நம் பகுத்தறிவுத் தோழர்கள் பல காலமாக மேடைபோட்டுச் சொல்லி வருகிறார்கள். ராத்திரியில் மரம் கரியமில வாயு விடும், அடியில் படுத்தவனுக்கு மூச்சு முட்டும், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குவது மாதிரி இருக்கும், அதைத்தான் பாமர சனங்கள் பேய் என்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியார்களும் இதையே சொல்லித் தருகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அறிவியல் இல்லை. ராத்திரியில் எல்லா மரமும்தான் கரியமில வாயு விடுகிறது. திறந்தவெளியில் அது காற்றோடு கலந்து போய்விடும். ஆளை அமுக்குகிற அளவுக்கு மரத்தடியில் சேராது. சேருமென்றால் காட்டில் ஒரு மானாவது விடிந்ததும் உயிரோடு எழுந்திருக்குமா? வேப்பமரமும் அதே வாயுவைத்தான் விடுகிறது. அங்கே மாரியாத்தா குடியிருக்கிறாள், புளியில் மட்டும் பேய். இந்த வித்தியாசத்துக்கு எந்த வாயு காரணம் என்று எந்த மேடையிலும் சொன்னதில்லை.

நெஞ்சை அமுக்குவதற்குக் காரணம் வேறு. கனவு வருகிற தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போட்டு விடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் பாயை விட்டு எழுந்து ஓடுவான். சில சமயம் முழிப்பு முந்திக்கொள்ளும், கட்டு அவிழப் பிந்தும். கண் திறந்திருக்கும், கைகால் அசையாது, கனவின் மிச்சம் கண்ணெதிரே நிற்கும். இது மெத்தையில் படுத்தாலும் வரும், மொட்டைமாடியில் படுத்தாலும் வரும். நியூபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்கள் இதைச் சூனியக்கிழவி என்கிறார்கள், நாம் அமுக்குவான் பேய் என்கிறோம். தூக்கம் கெட்டு உழைக்கிறவனுக்கு இது கூடுதலாக வரும் என்பதைக் கவனியுங்கள்.

பேய் என்று எதுவும் இல்லை. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. 1963ல் இலங்கையில் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தியை நிரூபித்துக் காட்டுகிறவனுக்கு லட்ச ரூபாய் என்று அறிவித்தார். 1978ல் அவர் சாகும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நம்ம பகுத்தறிவுப் பிரச்சாரம் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறது. பேய் எப்படித் தெரிகிறது என்று விளக்கும். யார் பேயாக்கப்படுகிறார்கள், யார் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தால் யாருக்கு லாபம் என்று கேட்பதில்லை. பேய் நம்பிக்கை என்றாலே எண்ணெய் வைக்காத தலையும் சேரிக்குடிசையும்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

நான் வேலை பார்த்த ஒரு வங்கிக்கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆடி அமாவாசை காலையில் அங்கே பாதிப் பேர் பத்தரைக்கு மேல்தான் வருவார்கள். தர்ப்பணம். பித்ரு காரியம். வருகைப் பதிவேட்டில் யாரும் சிவப்புக்கோடு போட மாட்டார்கள், மேலாளரே பதினொரு மணிக்குத்தான் வருவார். அதே கிளையில் தினக்கூலிக்குப் பெருக்குகிற அம்மா ஒருநாள் வந்து, "சார், மகளுக்கு காத்துக்கருப்பு அண்டிருச்சு, கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போகணும், அரைநாள் விட்டுருங்க" என்று கேட்டது. கவுண்ட்டர் முழுக்கச் சிரிப்பு. "இந்த சனங்க எப்பத்தான் திருந்தப் போகுதோ" என்று சொன்னவர் நெற்றியில் காலையில் எள்ளும் தண்ணியும் விட்டுவிட்டு வந்த விபூதி காயக்கூட இல்லை. அந்தம்மாவுக்கு அரைநாள் கூலி பிடித்தம்.

இரண்டும் ஒரே நம்பிக்கைதானே தோழர்களே? செத்தவன் பசியோடு சுற்றுகிறான், அவனைச் சாந்தப்படுத்தணும். ஒன்றுக்குப் பெயர் சாஸ்திரம், இன்னொன்றுக்குப் பெயர் மூடநம்பிக்கை. பார்ப்பனியச் சடங்கில் இது தெளிவாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. செத்தவன் முதலில் பிரேதம். பத்துநாள் பிண்டம் போட்டு, பன்னிரண்டாம்நாள் சபிண்டீகரணம் செய்தால் அவன் பித்ருவாகப் பதவி உயர்வு பெறுகிறான். மந்திரம் சொல்ல ஆளும் தட்சிணைக்குக் காசும் உள்ளவன் வீட்டுச் சாவு தெய்வமாகிவிடும். மந்திரத்தைக் காதால் கேட்கவே கூடாதென்று விலக்கப்பட்டவன் வீட்டுச் சாவு? அது பிரேதமாகவே நின்றுபோகும். அதாவது பேயாக. பேயுலகத்திலும் சமத்துவம் கிடையாது என்பது இன்னொரு வேடிக்கை. வேதம் படித்துக் கெட்டுப்போன பார்ப்பான் செத்தால் சாதாரணப் பேய் ஆகமாட்டானாம், பிரம்மராட்சசன் ஆவானாம். அங்கேயும் மேல்பதவி.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் மக்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகளில் ஆறாவது, சிரார்த்தம் செய்யமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன் என்பது. சாமிகளைக் கைகழுவிய கையோடு பிண்டத்தையும் அவர் கைகழுவச் சொன்னார். உயிரோடு இருக்கிறவர்களை மட்டுமல்லாமல் செத்தவர்களையும் அந்தச் சாதி வரிசையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. நம்ம படிப்பு வட்டங்களில் இதை யாரும் நின்று பேசிக் கேட்டதில்லை.

ஊரின் பேய் வரைபடத்தைப் பாருங்கள். புளியந்தோப்பு, பாழுங்கிணறு, சுடுகாடு, அதையொட்டி நம்ம தெரு. ஊரார் இருட்டினால் வராத இடத்தில்தான் நம்மைக் குடிவைத்தார்கள். அவர்கள் பயந்து விலகிய வேலையைத்தான் நம் தலையில் கட்டினார்கள். என் பாட்டன் வெட்டியான். எரிகிற பிணம் எழுந்து உட்காரும், அதுதான் பேய்க்குச் சாட்சி என்று ஊர்த்திண்ணையில் கதை ஓடும். பாட்டனிடம் கேட்டால் கம்பைக் காட்டிச் சிரிப்பார். "சூட்டுல தோலு சுருங்குதுல்ல, அதேமாதிரி நரம்பும் சுருங்குதுலே. கை மடங்கும், முதுகு தூக்கும். ஒரு தட்டுத் தட்டினா படுத்துக்கும். எனக்குப் பயமெல்லாம் மழை வந்து வெறகு நனைஞ்சுருமோன்னுதான்." தடயவியல் மருத்துவப் புத்தகத்தில் இது அப்படியே இருக்கிறது. சூட்டில் தசையின் புரதம் முட்டை வெந்ததுபோல் இறுகிச் சுருங்கும். மடக்குகிற தசைகள் நீட்டுகிற தசைகளைவிடப் பலமானவை என்பதால் குத்துச்சண்டைக்கு நிற்கிறவனைப்போல் கை முட்டி மடங்கிக்கொள்ளும். இதைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்ட ஆள் அந்த ஊரில் அவர் ஒருத்தர்தான். அவரைத்தான் அறிவில்லாதவன் என்றார்கள். திண்ணையில் நடுங்கியவன் படித்தவன்.

இந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மலபாரைப் பார்க்க வேண்டும். அங்கே ஒடியன் என்று ஒரு பயம் இருந்தது. ராத்திரியில் மாடாகவும் நாயாகவும் உருமாறி வழியில் வந்து மறிப்பான், சூல்கொண்ட பெண்ணின் கருவை எடுத்து மை செய்வான், ஆளைத் தொடாமலே கொல்வான். யார் இந்த ஒடியன்? பறையனும் பாணனும்தான். மூக்கை அளந்து சாதியை வகைப்படுத்திய வெள்ளைக்கார அதிகாரி தர்ஸ்டன், 1909ல் ஏழு தொகுதியாகப் போட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலில் இதைப் பறையரின் வித்தை என்றே பதிவு செய்து வைத்திருக்கிறார். அந்த மண்ணில் பகலில் நம்மாள் வழியில் நடக்க முடியாது. இத்தனை அடி தள்ளி நிற்கணும், கூவிக்கொண்டே வரணும். திருவிதாங்கூரில் அய்யன்காளி பொதுவழியில் வில்வண்டி ஓட்டியதே 1893ல்தான், அதற்கும் அடிதடி நடந்தது. பகலைப் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு ராத்திரியில் ஒரு கருத்த உருவம் நடமாடினாலே குலை நடுங்கியிருக்கிறது. பிடுங்கப்பட்டவன் திருப்பி அடிப்பானோ என்ற பயத்துக்குத்தான் அவர்கள் ஒடியன் என்று பெயர் வைத்தார்கள் என்பது என் கருத்து. பெயர் வைத்த பிறகு அடித்துக் கொல்வது சுலபம். கொன்றது மனுசனை இல்லையே. 2018ல் மோகன்லால் நடித்து ஒடியன் என்று படமும் வந்துவிட்டது. பயமுறுத்தியது போய் இப்போது வேடிக்கை காட்டுகிறான்.

நம் பக்கத்தில் கொன்றுவிட்டுக் கும்பிட்டார்கள். மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டனோடு சேர்ந்து பொம்மக்கா, திம்மக்கா. அகாலச் சாவு செத்தவர்கள் ஆவியாக வந்து பழிவாங்குவார்கள் என்று பயந்து பீடம் போட்டுப் படையல் வைத்தார்கள். பயத்தில் பிறந்த சாமிகள். அதோடும் விடவில்லை. பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றைக்கும் சனங்கள் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். செருப்புத் தைக்கிற வாலப்பகடை வீட்டுப் பெண்களைக் கட்ட, பூணூலை அறுத்துவிட்டுத் தானும் தோல்வேலை செய்தவன் அவன். இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த நா. வானமாமலை, கதை எப்படித் திருத்தப்பட்டது என்பதையும் காட்டியிருக்கிறார். பொம்மக்காவும் திம்மக்காவும் பார்ப்பனப் பெண்களாகப் பிறந்தார்களாம், காட்டில் கிடந்ததைப் பகடை எடுத்து வளர்த்தாராம். மதுரை வீரனும் அப்படித்தான் காசிராசா பிள்ளை ஆனான், அருந்ததியர் வீட்டில் வளர்ந்ததோடு சரி. 1956ல் எம்.ஜி.ஆர் படமும் அதையே சொன்னது. அருந்ததியப் பிள்ளையாகவே செத்த ஒருத்தனைக் கும்பிட மனசு வரவில்லை. செத்தபிறகு சாதிச்சான்றிதழைத் திருத்தி எடுத்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பேய்பிடித்து ஆடுவது ஒரு கலகம், ஒடுக்கப்பட்ட பெண்ணின் எதிர்க்குரல் என்று எழுதுகிற அறிவுஜீவிகளோடு எனக்கு உடன்பாடில்லை. உடுக்கைச் சத்தத்தில் மாமியாரையும் புருசனையும் வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள், உண்மைதான். விடிந்ததும் அதே அடுப்படிக்குத்தான் போகிறாள். மயிரை ஆணியில் முடிந்து பிடுங்கிய இடத்தில் ரத்தம் கசிகிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஓலைக்கொட்டகை தீப்பிடித்தபோது, உள்ளே சங்கிலியில் கட்டிக்கிடந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். எல்லா மதத்திலிருந்தும் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பேய், பில்லி சூனியம் என்று சொல்லப்பட்டு அங்கே வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அரசாங்க மனநல ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்திருந்தால் சங்கிலி எதற்கு? பேயைக் கொண்டாடுகிற கட்டுரையில் இந்தச் சங்கிலிக்கும் ஒரு இடம் கொடுங்கள்.

கடைசியாகக் கொள்ளிவாய்ப் பிசாசு. சதுப்பில், செடிகொடி மக்கிய தண்ணீரில் ராத்திரி நெருப்பு மாதிரி தெரியும். 1776ல் இத்தாலியில் வோல்ட்டா என்கிற விஞ்ஞானி மஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி, குமிழியாக வந்த வாயுவைப் பிடித்து எரித்துக் காட்டினார். அதுதான் மீத்தேன். அது தானாக எப்படிப் பற்றுகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. பாஸ்பரஸ் கலந்த வாயு ஒன்று பற்றவைக்கிறது என்கிறார்கள். அது கிடக்கட்டும். காற்றுப்படாமல் அழுகுகிற எந்த இடத்திலும் இந்த மீத்தேன் வரும், கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் வரும். மலக்குழியிலும் சாக்கடையிலும் வருகிறது.

ஹைட்ரஜன் சல்பைடுக்கு ஒரு விசித்திரக் குணம். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பங்கை எட்டினால் மூக்கின் நரம்பு செத்துவிடும், நாற்றம் நின்றுபோகும். இறங்குகிறவன் வாயு போய்விட்டது என்று நினைப்பான். 1000ஐ நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சில் விழுந்துவிடுவான். காற்றைவிடக் கனமானதால் அது குழியின் அடியிலேயே தங்கும். தூக்கப் போகிற தம்பியும் விழுவான், அவனைத் தூக்கப் போகிற மச்சானும் விழுவான். மறுநாள் பத்திரிகையில் வருகிற வாசகம் நமக்கெல்லாம் மனப்பாடம்: விஷவாயு தாக்கிப் பலி. வாயு தாக்கியதாம். அடித்தது பேய் என்று கோடாங்கி சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வாயு எங்கேயும் போய் யாரையும் தாக்கவில்லை. முந்நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்று ஒரு ஒப்பந்தக்காரன் இறக்கிவிட்டான். மூடி திறந்து காற்றாட விடவில்லை, வாயுவை அளக்கும் கருவி இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. செத்தவன் என்ன சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013ல் திரும்பவும் போட்டார்கள். 1993 முதல் சாக்கடையில் செத்தவர்கள் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் கொடு என்று உச்சநீதிமன்றம் 2014ல் சொன்னது. 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. கொடுக்காமல் தப்பிக்க முதல் வழி, முதல் தகவல் அறிக்கையில் விபத்து என்று எழுதி மூடுவது. அதனால் அடுத்தமுறை சேதி வந்ததும் மாலை வாங்கப் போவதற்கு முன்னால் காவல்நிலையம் போங்கள். ஒப்பந்தக்காரன் பெயர், இறக்கச் சொன்னவன் பெயர், வீட்டுக்காரன் பெயர், மூன்றையும் எழுத வையுங்கள். 2013 சட்டத்தையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். மாலைநேரப் பள்ளி நடத்துகிற மாணவத் தோழர்கள் கரும்பலகையில் புளியமரத்தை அழித்துவிட்டு இந்த வாயுவின் கதையைப் படம்போட்டுச் சொல்லிக் கொடுங்கள். குழிக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிற அப்பனும் சித்தப்பனும் நம் பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்கள். நாற்றம் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம் என்று அந்தப் பிள்ளை போய்ச் சொல்லட்டும்.