குத்தியவன் எவன்?

ஒரு கொலை நடந்தது. கொலைக்காகச் சிலர் சிறை சென்றனர். சிறை சென்றவர்கள் விடுதலையாயினர். கொன்றவன் எவன் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை!

சென்னையில் 1944 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் கத்திக்குத்துக்கு ஆளாகி, மறுநாள் பொது மருத்துவமனையில் உயிர்விட்ட சி. என். இலட்சுமிகாந்தன் என்பவரின் கதைதான் இது. நடந்த இடம் வேப்பேரி. ஆனால் அந்தக் கத்தியின் நிழல் நாஞ்சில் நாட்டு மண்ணிலும் வந்து விழுந்தது. நாகர்கோவில் ஒழுகினசேரி பெற்றெடுத்த செல்வம், நாடே கலைவாணர் என்று கொண்டாடிய என். எஸ். கிருஷ்ணன், அந்த வழக்கில்தான் கைதிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். ஆகவேதான் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்த வழக்கைப் பற்றி இந்த மாவட்டத்துத் தோழர்களோடு பேச வேண்டியது நம் கடமை என்று கருதுகிறோம்.

டீக்கடையிலே கதை பேசுவதற்காக நாம் இதை எழுதவில்லை. "அவன் செய்தான், இவன் செய்வித்தான்" என்று இறந்து போனவர்கள் மீது புதுப் பழி சுமத்துவதும் நம் வேலையல்ல. அந்த வழக்கு சில கேள்விகளை எழுப்பிற்று. அவை இன்றும் தொழிலாளியின் வாசற்படியில் வந்து நிற்கின்றன. அவற்றுக்காகவே எழுதுகிறோம்.

இலட்சுமிகாந்தன் யார்? போலிப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, அந்தமான் வரை அனுப்பப்பட்டவர். யுத்தத்தில் அந்தமான் ஜப்பானியர் கைக்குப் போனதை அடுத்து விடுதலை பெற்றுச் சென்னைக்குத் திரும்பியவர். திரும்பி வந்தவர் கையில் எடுத்த ஆயுதம் பேனா! 'சினிமா தூது' என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர் நடிகையரின் படுக்கையறைக் கதைகளை எழுதினார். எழுதாமல் இருக்க விலை பேசினார். கொடுத்தவர் பெயர் மறைந்தது, கொடுக்காதவர் மானம் கடைத்தெருவுக்கு வந்தது. மஞ்சள் பத்திரிகை என்று தமிழ்நாட்டில் சொல்லும்போது முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

யுத்த காலம் அது. பத்திரிகை நடத்த அரசாங்கத்தின் உரிமம் வேண்டும், காகிதத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. பாடலால் தமிழ்நாட்டை ஆண்டு கொண்டிருந்த எம். கே. தியாகராஜ பாகவதரும், கலைவாணரும், இயக்குநர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டனர். உரிமம் ரத்தாயிற்று. இலட்சுமிகாந்தன் அடங்கினாரா? இல்லை. 'இந்து நேசன்' என்ற வேறொரு பத்திரிகையை வாங்கினார், பழைய வியாபாரத்தையே தொடர்ந்தார்.

இந்த நிலையில்தான் அந்த நவம்பர் மாதம், வேப்பேரியில் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட்டு ரிக்‌ஷாவில் திரும்பும் வழியில் அவர் குத்தப்பட்டார். சில வாரங்களுக்குள் பாகவதர் கைதானார். கலைவாணர் கைதானார். ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் கைதாயினர். அந்தத் தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' கொட்டகையில் கூட்டம் அலைமோத ஓடிக் கொண்டிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. வெள்ளித்திரையில் பாகவதர் பாடிக் கொண்டிருந்தார், கலைவாணர் சிரிக்க வைத்துக் கொண்டிருந்தார். ஆள்களோ சிறைக் கம்பிகளுக்குப் பின்னால்!

உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன், ஜூரிகள் அமர்ந்து கேட்க, விசாரணை நடந்தது. ஜெயானந்தன் என்பவர் அப்ரூவரானார். கூட்டாளியாக இருந்து, பின் அரசாங்கத் தரப்புக்குச் சாட்சி சொல்ல வந்தவரையே அப்ரூவர் என்கிறோம். 1945 ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. ஜூரிகளில் பெரும்பான்மையோர் குற்றவாளிகள் என்று சொன்னதால் பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. அப்பீல் செய்தனர், சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றனர். அங்கே கதவு திறந்தது. அப்பீலை மறுபடியும் விசாரிக்கும்படி வழக்கு சென்னைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. நீதிபதிகள் ஹாப்பெலும் ஷகாபுதீனும் விசாரித்தனர். 1947 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் நாள் தண்டனை ரத்தாகி, இருவரும் விடுதலையாயினர்.

ஒரே வழக்கு, ஒரே சாட்சியம்! 1945 இல் ஆயுள் தண்டனைக்குப் போதுமானதாக இருந்தது, 1947 இல் ஒன்றுமில்லாமற் போயிற்று. இடையிலே கழிந்த இரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தை எந்த நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது? எந்தச் சட்டத்தில் அதற்குப் பிரிவு இருக்கிறது?

பாகவதரைப் பாருங்கள். சிறைக்குச் சென்றபோது திரையுலகின் ஏகபோகச் சக்கரவர்த்தி. வெளியே வந்தபோது காலம் மாறிவிட்டது, ரசனை மாறிவிட்டது. பழைய செல்வாக்கு திரும்பவே இல்லை. 1959 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் மறைந்தார். கலைவாணரோ நாஞ்சில் நாட்டு மண்ணுக்கே உரிய உறுதியோடு எழுந்து நின்றார். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவனாகத் தொடங்கி, வில்லுப்பாட்டுப் பாடி, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவர் அல்லவா! வறுமையைப் பார்த்தவருக்குச் சிறை புதிய பள்ளிக்கூடம், அவ்வளவுதான். அண்ணா எழுதிய 'நல்லதம்பி' 1949 இல் வந்தது. அதில் வந்த 'கிந்தனார்' காலட்சேபம், ஒதுக்கி வைக்கப்பட்ட குலத்துப் பிள்ளைக்குக் கோயில் வாசலைவிடப் பள்ளிக்கூட வாசலே பெரிது என்று நாட்டுக்குப் பாடம் சொல்லிற்று. கலைஞரின் வசனத்தில் 'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களை அவரே இயக்கினார். சிரிப்பை விற்றுப் பிழைத்தவர் பலர். சிரிப்பைக் கொண்டு மூடத்தனத்தின் முதுகெலும்பை முறித்தவர் அவர்.

1956 நவம்பர் 1 ஆம் நாள் நாஞ்சில் நாடு தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அந்த நாளைக் கண்ணாரக் கண்ட கலைவாணர், ஓராண்டு முடியுமுன் 1957 ஆகஸ்ட் 30 ஆம் நாள், 48 வயதில் மறைந்தார். சென்னை தியாகராய நகரில் அவர் சிலையை அறிஞர் அண்ணா 1969 ஜனவரி 14 ஆம் நாள் திறந்து வைத்தார். நோயின் பிடியில் இருந்தும் வந்து திறந்தார். அண்ணா கலந்து கொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுவே. கைதிக் கூண்டில் நின்றவருக்கு முதலமைச்சர் கையால் சிலை! மக்கள் மன்றம் வழங்கிய தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது.

ஆனால், தோழர்களே, கலைவாணர் கதை இன்பமாக முடிந்தது என்று நாம் எழுந்து போய்விட முடியாது. மூன்று கேள்விகள் மிச்சம் இருக்கின்றன.

முதற் கேள்வி, கொலையுண்டவருக்கு நீதி எங்கே என்பது. இலட்சுமிகாந்தன் நல்லவரல்லர். அவர் பேனாவில் இருந்தது மையல்ல, நஞ்சு. என்றாலும் நஞ்சுப் பேனாவுக்குக் கத்தி பதிலாகாது. கெட்டவன் செத்தான், தொலைந்தான் என்று சொல்பவர்கள், நாளைக்கு நல்லவன் மார்பில் கத்தி பாயும்போது எந்த வாயால் கண்டிப்பார்கள்? கொலையாளி அகப்படாத வழக்கு என்றால், கொலையாளி நம்மிடையே நடமாடி, நம்மோடு சேர்ந்து சினிமாவும் பார்த்து, நிம்மதியாகச் செத்துப் போனான் என்றுதான் பொருள். பெரிய பெயர்களைக் கூண்டில் ஏற்றியதும் நாடு முழுவதும் அவர்களைப் பார்த்தது, அவன் நழுவியதை எவரும் பார்க்கவில்லை. ஒரு நிரபராதி சிறையில் இருக்கிறான் என்றால், ஒரு குற்றவாளி வெளியே இருக்கிறான் என்பதும் அதிலே அடக்கம்.

இரண்டாவது கேள்வி, கூட்டாளிச் சாட்சியைப் பற்றியது. 1872 ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டம் இதில் இரண்டு நாக்கால் பேசிற்று. கூட்டாளியின் சாட்சியை வேறு சாட்சியம் தாங்கி நிற்காவிட்டாலும், அதைக் கொண்டு தண்டிப்பது சட்டவிரோதமாகாது என்றது 133 ஆம் பிரிவு. வேறு சாட்சியம் தாங்கி நின்றாலன்றிக் கூட்டாளி நம்பத்தக்கவன் அல்லன் என்று நீதிமன்றம் கருதலாம் என்றது 114 ஆம் பிரிவின் விளக்கம். 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் 'பாரதிய சாக்ஷ்ய அதினியம்' வந்திருக்கிறது. தமிழன் வாயில் நுழையாத பெயரைச் சட்டத்துக்குச் சூட்டியதை நாம் கண்டிக்கிறோம், கண்டித்துக் கொண்டே இருப்போம். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வதே நம் வழக்கம். அந்தச் சட்டத்தின் 138 ஆம் பிரிவு, வேறு சாட்சியம் தாங்கி நிற்கும் கூட்டாளிச் சாட்சியைக் கொண்டே தண்டிக்கலாம் என்று சொல்கிறது. நல்ல திருத்தம், வரவேற்கிறோம். ஏட்டில் இருக்கும் அந்த வரி போலீஸ் நிலையத்து மேசைக்கும் வந்து சேர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

மூன்றாவது கேள்வியே முதன்மையானது. பாகவதருக்குப் புகழ் இருந்தது. கலைவாணருக்கு டி. ஏ. மதுரம் அம்மையார் இருந்தார். நாடகம் போட்டும் படம் எடுத்தும் பணம் திரட்டி வழக்கை நடத்தத் துணை நின்றார். அப்படி உருவான 'பைத்தியக்காரன்' படத்தில் கலைவாணர் விடுதலையாகி வந்து நடித்தார். புகழும் பணமும் இருந்ததால் இலண்டன் வரை போக முடிந்தது. இல்லாதவன் கதி என்ன?

கீரிப்பாறைத் தோட்டத்தில் விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போகும் தொழிலாளி, குளச்சலில் வலை இழுக்கும் மீனவன், கோட்டாறு சந்தையில் மூட்டை சுமக்கும் தோழன், இவர்களில் ஒருவனைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துக் கொண்டு போனால் எந்தப் பிரிவி கவுன்சிலுக்குப் போவான்? ஜாமீனுக்கு ஆள் எங்கே? வக்கீலுக்குப் பணம் எங்கே? அன்றைக்குக் கூலி இல்லையென்றால் அடுப்பு எரியாத வீடு, அவன் உள்ளே இருக்கும் காலமெல்லாம் என்ன ஆகும்?

கற்பனையாகக் கேட்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைச் சொல்கிறோம். 2022 ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேல், குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பு வராதவர்கள்! இவர்களில் குற்றம் செய்தவர்களும் இருப்பார்கள், செய்யாதவர்களும் இருப்பார்கள். எவர் எவர் என்று பிரித்துச் சொல்ல வேண்டியதே நீதிமன்றத்தின் வேலை. பிரித்துச் சொல்வதற்கு முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது. கலைவாணருக்கு நேர்ந்தது அரிய விபத்து என்று எண்ணாதீர்கள். விலாசமற்ற ஏழைகளுக்கு அது அன்றாடம் நேர்வது. அவர்களுக்குச் சிலை வைக்க எவரும் வருவதில்லை, அவ்வளவே வேற்றுமை.

இவற்றோடு, நம் கழகத் தோழர்களுக்கு உரிமையோடு ஒரு சொல். அன்று 'இந்து நேசன்' ஒன்று. அதை அச்சடிக்க உரிமம் வேண்டும், காகிதம் வேண்டும், விற்க ஆள் வேண்டும். இன்று ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஓர் 'இந்து நேசன்' இருக்கிறது! கையில் இருக்கும் கைபேசியில் ஒரு பொய் வந்தால், விரலால் ஒரு தட்டுத் தட்டினால் நூறு வீடுகளுக்குப் போகிறது. ஒரு பெண்ணின் மானம், ஒரு ஊரின் அமைதி, ஒரு மதத்தாரின் பாதுகாப்பு ஒரு நாழிகையில் சாம்பலாகிறது. போலீஸ் ஒருவனைப் பிடித்த மறுநிமிடமே தொலைக்காட்சியில் விசாரணை முடிந்து, தெருவில் தூக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டு விடுகிறது. எதிர்க்கட்சிக்காரனைப் பற்றிய பொய் என்றால் நமக்கு இனிக்கிறதா? இனிக்கக் கூடாது. கலைவாணரைக் கொலைகாரர் என்று ஒரு காலத்தில் ஊர் பேசிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். எண்ணிப் பார்த்தபின் அந்த விரலை எடுங்கள்.

எனவே அரசாங்கத்திடம் கேட்கிறோம். விசாரணையைக் காலத்தோடு முடியுங்கள். பணமில்லாதவனுக்குப் பெயருக்கு ஒரு வக்கீல் என்றில்லாமல், வாதாடத் தெரிந்த வக்கீலைத் தாருங்கள். ஆள் ஜாமீன் கொடுக்க வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காக எவனையும் அடைத்து வைக்காதீர்கள். பல ஆண்டு சிறையில் வாடி, நிரபராதி என்று வெளியே வருபவனுக்கு நட்ட ஈடு கொடுக்கச் சட்டம் செய்யுங்கள். ஆட்சியில் எவர் இருந்தாலும், நம்மவரே இருந்தாலும், இந்தக் கோரிக்கையை நாம் மாற்றிக் கொள்ளப் போவதில்லை.

தோழர்களிடமும் கேட்கிறோம். உங்கள் தெருவில் ஒருவன் பிடிபட்டால் முதலில் அவன் வீட்டுக்குப் போங்கள். எந்த நிலையத்தில் இருக்கிறான் என்று விசாரியுங்கள். இலவச சட்ட உதவி மையத்துக்கு அவன் மனைவியை அழைத்துக் கொண்டு போங்கள். அவன் எந்தச் சாதி, எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். குற்றம் செய்திருந்தால் சட்டப்படி தண்டனை பெறட்டும். செய்யாதிருந்தால், அவனுக்காக வாய் திறந்து பேச ஊரில் ஒருவராவது இருக்கட்டும்.

இலட்சுமிகாந்தனைக் குத்தியவன் எவன் என்பது இனித் தெரியப் போவதில்லை. அறிந்தவர்கள் மறைந்தனர். ஆனால் செய்யாத குற்றத்துக்காக இன்று சிறையில் இருப்பவன் எவன் என்பதைத் தேடினால் கண்டுபிடிக்கலாம். தேடுவோம்!